‘ரியாக்டிவ்’ என்று வந்த எச்.ஐ.வி. அறிக்கையை வாசிப்பது எப்படி?

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனை, கண்புரை அறுவைக்கு முன் எடுப்பது, ரத்த தானம் என்று வேறு ஏதோ ஒரு காரணத்துக்காகக் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனையும் சேர்ந்து நடந்து, சற்றும் எதிர்பாராத நேரத்தில் அதன் முடிவு கைக்கு வந்துவிடுகிறது. தாளின் நடுவே ‘எச்.ஐ.வி. 1 மற்றும் 2: ரியாக்டிவ்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் 1.42 என்பது போல ஓர் எண் இருக்கும். அதற்கும் அடுத்த கட்டத்தில், ‘1.00-க்குக் கீழ் இருந்தால் நான்-ரியாக்டிவ்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தாளின் அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ‘இது முதல்நிலைச் சோதனை மட்டுமே, உறுதிப்படுத்தும் சோதனை அவசியம்’ என்றொரு வரி. பெரும்பாலானோர் அந்தத் தடித்த எழுத்துச் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். மிச்சமுள்ள மூன்றையும் வாசிக்கத் தெரிந்துகொள்வதற்கே இந்தக் கட்டுரை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் முறைப்படி உறுதி செய்யப்பட்டு, கூட்டு மருந்து சிகிச்சையில் இருப்பவர் எவரும் இதைப் படித்துவிட்டுத் தம் முடிவும் தவறாக இருக்குமோ என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. இங்கே பேசப்படுவது ஒரே ஒரு சோதனையின் முடிவைப் பற்றி. உறுதி செய்யப்பட்ட முடிவைப் பற்றியல்ல.

வழக்கமான எச்.ஐ.வி. சோதனைகள் வைரஸை நேரடியாகத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களைத் தேடுகின்றன. நான்காம் தலைமுறைச் சோதனை என்று சொல்லப்படுபவை எதிர்ப்பொருளோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துத் தேடும். கிட்டிலோ இயந்திரத்திலோ வைரஸின் புரதத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். நம் ரத்தத்தில் உள்ள ஏதேனும் ஓர் எதிர்ப்பொருள் அதில் போய் ஒட்டிக்கொண்டால் நிறமோ ஒளியோ தோன்றும். ஒட்டியது எச்.ஐ.வி.க்காகவே உண்டான எதிர்ப்பொருளா, வேறு எதற்காகவோ உண்டாகிச் சாயலால் ஒட்டிக்கொண்டதா என்பதை அந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. ‘ரியாக்டிவ்’ என்ற சொல்லின் முழுப்பொருளும் இவ்வளவுதான்: ஏதோ ஒன்று வினைபுரிந்திருக்கிறது. இதனால்தான் கவனமுள்ள ஆய்வகங்கள் முதல் சோதனையின் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவதில்லை. எழுதுகிற ஆய்வகங்களும் இருக்கின்றன; அவை செய்வது பெரும் தவறு.

இந்தச் சோதனைகள் மட்டமானவை என்று இதற்குப் பொருளல்ல. முதல்நிலைச் சோதனை, தொற்றுள்ள ஒருவரையும் தவறவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு செய்யப்படுவது. வலையின் கண்ணைச் சிறிதாகப் பின்னினால் வேண்டாததும் சேர்ந்து சிக்கத்தான் செய்யும். எவ்வளவு சிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 0.2 சதவீதம். அப்படியானால், தனிப்பட்ட அபாயம் எதுவும் இல்லாத 10,000 பேருக்குச் சோதனை செய்தால், அவர்களில் சுமார் 20 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கலாம். அந்த 20 பேரையும் சோதனை பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 9,980 பேர் தொற்றில்லாதவர்கள். தொற்றில்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறன் அந்தச் சோதனைக்கு 99.5 சதவீதம் என்றால், மிஞ்சும் அரை சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 50 பேருக்கு, ‘ரியாக்டிவ்’ என்று வந்துவிடும். மொத்தம் 70 தாள்களில் அந்தச் சொல் இருக்கும். அவற்றில் உண்மையானவை 20 மட்டுமே. ‘99.5 சதவீதம் துல்லியம்’ என்று கேள்விப்பட்டவர், தமக்குத் தொற்று இருக்க 99.5 சதவீத வாய்ப்பு உண்டு என்று நினைத்துக்கொள்வது இயல்பு. இந்தக் கணக்கின்படி அந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதே சோதனையை, 100 பேரில் 5 பேருக்குத் தொற்று இருக்கக்கூடிய ஒரு குழுவில் செய்து பாருங்கள். 10,000 பேரில் 500 பேருக்கு உண்மையான தொற்று. தவறாக வருபவை சுமார் 48. இப்போது ‘ரியாக்டிவ்’ என்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்று உள்ளவர்களே. கிட் மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் யார் என்பது மட்டுமே மாறியது. ஆகவே தாளைக் கையில் வாங்கியதும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, ‘எனக்குத் தொற்று ஏற்படும்படியான சந்தர்ப்பம் ஏதாவது இருந்ததா?’ என்பது. பாதுகாப்பற்ற உறவு, பிறர் பயன்படுத்திய ஊசி, தொற்றுள்ள துணைவர் என எதுவும் நினைவுக்கு வராவிட்டால் தவறான பாசிட்டிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அந்த பதில் தீர்ப்பாகிவிடாது. துணைவரின் கடந்த காலம் நமக்கு முழுதாகத் தெரிந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாதே.

அடுத்து அந்த எண். ஆய்வகத்தின் பெரிய இயந்திரங்களில் நடக்கும் சோதனைகளில், நம் மாதிரி காட்டிய ஒளியின் அளவை எல்லைக்கோட்டு அளவால் வகுத்து ஒரு விகிதமாகத் தருவார்கள். 1.00-ஐத் தாண்டினால் ரியாக்டிவ். பழைய தொற்றுள்ளவர்களின் மாதிரிகளில் இந்த விகிதம் எல்லைக்கோட்டைவிடப் பல மடங்கு, பல வேளைகளில் நூற்றுக்கணக்கில் இருக்கும், 1.42, 2.1 போன்று கோட்டை ஒட்டி வருபவற்றில் தவறான பாசிட்டிவ்கள் அதிகம். இதை வைத்து மருத்துவர் ஓர் ஊகத்துக்கு வரலாம். முடிவுக்கு வர முடியாது. தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களே ஆன ஒருவருக்கும் எதிர்ப்பொருள் அப்போதுதான் எழத் தொடங்கியிருப்பதால் இதே சிறிய எண் வரலாம். சிறிய எண்ணைக் கண்டு நிம்மதியடைந்து மறு சோதனைக்குப் போகாமல் விடுவதும், பெரிய எண்ணைக் கண்டு இடிந்துபோவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

பொய்யாக ஒட்டிக்கொள்ளும் அந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது?

லூபஸ் போன்று உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் நோய்கள், பல முறை ரத்தம் ஏற்றிக்கொண்டது, அண்மையில் போட்டுக்கொண்ட சில தடுப்பூசிகள், மலேரியா போன்ற சில தொற்றுகள், கர்ப்ப காலத்தில் எதிர்ப்பு மண்டலத்தில் நேரும் மாற்றங்கள் ஆகியவை தவறான முடிவோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவை. பெரும்பாலான வேளைகளில் ஒரு தனி நபருக்கு ஏன் அப்படி வந்தது என்பது தெரியாமலே போகும். காரணம் கிடைத்தால்தான் முடிவு தவறு என்று நம்புவேன் என்று அலைய வேண்டியதில்லை. உறுதிப்படுத்தும் சோதனைகள் சொல்வதே போதும்.

காரணம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்த நிகழ்வும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் கொரோனாவுக்கு உருவாக்கிய தடுப்பூசியில், கொரோனா புரதம் வடிவம் குலையாமல் இருக்க ஒரு கவ்வி போல, எச்.ஐ.வி.யின் ஜிபி41 என்ற புரதத்தின் ஒரு சிறு துண்டைச் சேர்த்திருந்தார்கள். அந்தத் துண்டால் எவருக்கும் எச்.ஐ.வி. வர வழியே இல்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்களின் உடல் அந்தத் துண்டுக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கியது, அவர்களின் எச்.ஐ.வி. சோதனைகள் ரியாக்டிவ் காட்டின. மேல் சோதனைகளில் தொற்று இல்லை என்பது உறுதியானது. இருந்தாலும், கோடிக்கணக்கானோருக்கு அதைப் போட்டால் ஒரு நாட்டின் எச்.ஐ.வி. பரிசோதனை முறையே குழம்பிவிடும் என்பதால் 2020 டிசம்பரில் அந்தத் தடுப்பூசி கைவிடப்பட்டது. வைரஸ் இல்லாமலே சோதனை எப்படி ‘உண்டு’ என்று சொல்லும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

பிறந்த குழந்தையின் நிலை இன்னொரு வகை. தொற்றுள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் வந்து, 18 மாதம் வரைகூடத் தங்கியிருக்கும். அந்த வயதுக்குள் எதிர்ப்பொருள் சோதனை ரியாக்டிவ் ஆனால், அது தாயைப் பற்றிச் சொல்கிறதே தவிர குழந்தையைப் பற்றியல்ல. அதனால்தான் ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, தனி அட்டையில் ரத்தப் பொட்டுகளாக எடுத்து உலர்த்தி, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

இனி மனிதக் கை செய்யும் பிழைகள். இவற்றைப் பற்றிப் பேசுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது, கூச்சப்படத் தேவையில்லை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரேபிட் கிட்டை ஒரு முறை கிட்டத்தில் பார்த்தால் புரியும். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை, ஒரு முனையில் சிறு குழி, நடுவில் ஒரு சன்னல். குழியில் ரத்தமும் அதன் மேல் சில சொட்டுத் திரவமும் விட்டால் ஈரம் மெல்ல ஊர்ந்து சன்னலைக் கடக்கும். ‘சி’ என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கிட்டே செல்லாது. ‘டி’ என்ற எழுத்துக்கு நேரேயும் கோடு வந்தால் ரியாக்டிவ். இத்தனை நிமிடத்துக்கு முன் பார்க்கக் கூடாது, இத்தனை நிமிடத்துக்குப் பின் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு கிட்டின் தாளிலும் போட்டிருக்கும். நேரம் கடந்து ஈரம் காய்ந்தபின், தொற்றே இல்லாத மாதிரியிலும் நிழல் போல ஒரு மெல்லிய கோடு எழலாம். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது, கிட்டை மேசையில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிவந்து பார்த்த முடிவுக்கு மதிப்பில்லை. குழாயில் பெயர் மாறி ஒட்டுவது, இருவரின் மாதிரிகள் இடம் மாறுவது, முடிவைப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது வரி தவறுவது ஆகியவையும் நடக்கின்றன. எழுத்துப் பிழையால் வந்த முடிவை எந்த உயர்ந்த கிட்டாலும் சரிசெய்ய முடியாது; புதிதாக எடுத்த ரத்தம்தான் சரிசெய்யும்.

உறுதிப்படுத்துவது எப்படி?

ஆய்வகத்துக்குப் போன் செய்து மூன்று விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: செய்தது எந்த முறை (ரேபிட், எலைசா, இயந்திரச் சோதனை); கிட்டின் பெயர் என்ன; அதே மாதிரியில் இரண்டாவது முறை செய்து பார்த்தார்களா. பிறகு அந்தத் தாளோடு அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே ஆலோசனையும் சோதனையும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

பலர் செய்வது வேறு. அடுத்த தெருவில் உள்ள இன்னொரு லேபுக்கு ஓடுகிறார்கள். அந்த லேபிலும் அதே நிறுவனத்தின் அதே இயந்திரம் இருந்தால், முதல் முறை எந்த எதிர்ப்பொருள் பொய்யாக ஒட்டியதோ அதுவே மறுபடியும் ஒட்டும். ‘இரண்டு லேபிலும் அதேதான் வந்தது’ என்று மனம் உடைந்துவிடுகிறது. உண்மையில் நடந்தது ஒரே சோதனை, இரண்டு கட்டணங்களோடு.

நம்பிக்கை மையத்தின் முறை இந்தப் பொறியைத் தவிர்க்கவே வகுக்கப்பட்டது. நோய்க்குறி எதுவும் இல்லாத ஒருவருக்கு, தேசிய வழிகாட்டுதலின்படி, வெவ்வேறு ஆன்டிஜெனையோ (கிட்டில் பதிக்கும் வைரஸ் புரதத் துண்டு) வெவ்வேறு செயல்முறையையோ கொண்ட மூன்று கிட்கள் பயன்படுத்தப்படுகின்றன. முதலாவது ரியாக்டிவ் ஆகாவிட்டால் அத்தோடு முடிந்தது. அது ரியாக்டிவ் ஆனால் மட்டும் மற்ற இரண்டும் செய்யப்படும். மூன்றும் ரியாக்டிவ் ஆனால் மட்டுமே தொற்று உண்டு என்று அறிவிப்பார்கள். முதலாவது மட்டும் ரியாக்டிவ் ஆகி மற்ற இரண்டும் ஆகாவிட்டால், தொற்று இல்லை. இரண்டு ஆகி ஒன்று ஆகாவிட்டால் ‘முடிவு தெளிவில்லை’ என்று எழுதி, 14 முதல் 28 நாள்களுக்குள் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள்.

மேலே போட்ட கணக்கை இங்கே தொடருங்கள். தவறாக ரியாக்டிவ் ஆன அந்த 50 பேரை, முதல் கிட்டின் பிழையோடு தொடர்பில்லாத இரண்டாவது கிட்டில் சோதித்தால், அதிலும் தவறாக வருவதற்கு அரை சதவீத வாய்ப்பே உண்டு. 50-இல் அரை சதவீதம் என்பது ஒருவர்கூட அல்ல, கால் பங்கு ஆள். மூன்றாவது கிட்டையும் கடந்து பொய் தப்பிப்பது அரிதினும் அரிது. உலக சுகாதார நிறுவனமும் 2019 முதல், தொடர்ந்து மூன்று ரியாக்டிவ் முடிவுகள் வந்தபின்னரே தொற்று உண்டு என்று அறிவிக்க வேண்டும் என்றும், சிகிச்சை தொடங்குமுன் ஒரு முறை மறு சோதனை செய்ய வேண்டும் என்றும் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கிறது.

ஒரே சோதனையை நம்பாத இந்த ஒழுங்கு நம் ஊரில் முதல் நாளிலிருந்தே இருந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதிக்கச் சென்னையில் வசதியில்லாததால், அவற்றை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். எலைசாவில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி.யே இல்லை என்று நம்பப்பட்ட காலம் அது. உடனே அறிவித்துவிடாமல், அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் உறுதி செய்தபின்னரே அறிவித்தார்கள்.

ரத்த தானம் செய்து ‘உங்கள் ரத்தத்தைப் பயன்படுத்த முடியாது, மையத்துக்குப் போய்ப் பாருங்கள்’ என்று தகவல் பெறுபவர்களுக்கும் ஒரு சொல். ரத்த வங்கியில் ஒரு சோதனை ரியாக்டிவ் ஆனாலே அந்தப் பையை ஒதுக்கிவிடுவார்கள். பையை ஒதுக்க அது போதும். அதையே நோய்க் கண்டறிதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எவற்றை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது?

கணவருக்கு ‘இல்லை’ என்று வந்தது மனைவிக்கும் இல்லை என்பதற்குச் சான்றல்ல. உடம்பு நன்றாக இருப்பதும் சான்றல்ல. பல ஆண்டுகள் எந்தக் குறியும் இல்லாமலே இருக்கலாம். எதிர்ப்பு மண்டலத்தின் வலுவைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருப்பதும் அப்படியே. ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு சோதனையில் வைரஸ் தென்படவில்லை என்பதை மட்டும் வைத்து மற்றதெல்லாம் தவறு என்று முடிவு கட்டவும் கூடாது. சிகிச்சை எதுவும் இல்லாமலே வைரஸை மிகக் குறைந்த அளவில் அடக்கி வைத்திருக்கும் சிலர் உண்டு, மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ தென்படாமல் போவதுதான் சிகிச்சையின் வெற்றியே. எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தியதாக விளம்பரம் செய்வோர் காட்டும் ‘முன்பு பாசிட்டிவ், இப்போது நெகட்டிவ்’ தாள்களையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். முதல் தாள் உறுதி செய்யப்படாத ஒற்றைச் சோதனையாக இருந்தால், அந்த மனிதருக்கு நோயே இருந்திராமல் போயிருக்கலாம்.

மறு சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும், கடந்த மூன்று மாதங்களுக்குள் அபாயமான சந்தர்ப்பம் இருந்திருந்தால் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் குறிக்கும் நாளில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் சோதனைகளுக்கு, தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து 90 நாள் வரைகூட எதுவும் தெரியாத இடைவெளி இருக்கலாம்.

முடிவு தெளிவாகும் வரையிலான அந்தச் சில நாள்களே மிகக் கடினமானவை. அதுவரை உறவில் ஆணுறை பயன்படுத்துங்கள். ரத்த தானம் செய்யாதீர்கள். பிரசவ வலியோடு வந்த பெண்ணுக்கு முதல் சோதனை ரியாக்டிவ் ஆனால், உறுதிப்படுத்தக் காத்திராமல் குழந்தையின் பாதுகாப்புக்காக மருத்துவர் உடனே மருந்து தொடங்கலாம். அது முன்னெச்சரிக்கையே தவிர, தொற்று உண்டு என்ற தீர்ப்பல்ல. வீட்டில் யாரிடம் சொல்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் சோதனை செய்யக் கூடாது. முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும். மருத்துவச் சேவை தருவதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது. கட்டில் தலைமாட்டிலோ கேஸ் ஷீட்டின் மேலட்டையிலோ சிவப்பு மையில் எழுதி வைப்பது எந்த மருத்துவமனையின் உரிமையும் அல்ல.

தொற்று இல்லை என்று உறுதியானதும் பலரும் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தப் பேச்சையே மறக்க விரும்புகிறார்கள். கிழிக்காதீர்கள். நம்பிக்கை மையத்தின் முடிவை எழுத்தில் வாங்கி, முதல் தாளோடு சேர்த்து ஒரு உறையில் வையுங்கள். முதலில் சோதனை செய்த மருத்துவமனையின் பதிவிலும், கர்ப்பிணியானால் தாய் சேய் அட்டையிலும் திருத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்திலோ அடுத்த அறுவையின்போதோ அதே வகைக் கிட்டில் அதே பொய்க் கோடு மறுபடி எழக்கூடும். அன்றைக்கு அந்த உறையை மருத்துவர் முன் வைத்தால், அவர் முதல் கேள்வியிலிருந்தே வேறு கிட்டைக் கேட்டு எழுதுவார்.